வேலிக் கத்தரியும் வயல் கத்தரியும்: எல்லையோர ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் குடியாத்தத்திலிருந்து சைனகுண்டா வழியாக ஆந்திராவின் பலமநேரி போகிற சாலையின் இரண்டு பக்கமும் உள்ள ஊர்களில் நாங்கள் சிலர் நாட்டு விதைகளைச் சேர்த்துவைத்து மாற்றிக்கொள்கிறோம். பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. விதை வாங்க வருகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்று உண்டு: மரபணு மாற்றிய பயிர் பக்கத்தில் தானாக முளைக்கிற காட்டுச் செடியோடு கலந்துவிடுமா, கலந்தால் என்ன ஆகும்? வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கலப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வயலில் இருக்கும் செடியின் மகரந்தம் வண்டு மூலமோ காற்று மூலமோ வேலியில் இருக்கும் அதன் சொந்தக்காரச் செடியின் பூவில் விழுகிறது. அங்கே காய் பிடித்து, விதை முளைத்தால் அந்தச் செடி இரண்டுக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளை மறுபடி காட்டுச் செடியோடு சேரும், அதன் பிள்ளையும் சேரும். நாலைந்து தலைமுறையில் பார்ப்பதற்கு முழுக்கக் காட்டுச் செடியாகவே இருக்கும். ஆனால் வயலிலிருந்து போன ஒரு மரபணு மட்டும் அதற்குள் தங்கியிருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இது புதிய சங்கதி இல்லை. பயிரும் காட்டுச் செடியும் மனிதன் விவசாயம் தொடங்கிய நாள் முதல் கலந்துகொண்டுதான் இருக்கின்றன. எந்த மரபணு போகிறது, போன இடத்தில் அது செடிக்கு லாபமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எல்லாப் பயிருக்கும் இந்த ஆபத்து உண்டா?

இல்லை. இதைத்தான் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீண் பயம் நிறைய இருக்கிறது.

நம் பக்கம் அதிகம் போடுவது தக்காளியும் நிலக்கடலையும். மதனப்பள்ளி தக்காளி மண்டியை அறியாதவர் இங்கே யாரும் இல்லை. ஆனால் தக்காளியின் காட்டுச் சொந்தங்கள் இருப்பது பெரு, ஈக்வடார் பக்கம். நிலக்கடலையின் சொந்தங்களும் தென் அமெரிக்காவில்தான். மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை மெக்சிகோவில். இந்த மூன்றிலும் நாளை எந்த மாற்றம் வந்தாலும், நம் பக்கத்துக் கௌண்டின்யா காட்டில் அதோடு கலக்க ஒரு செடிகூடக் கிடையாது. பக்கத்து வயல் நாட்டு ரகத்தோடு கலக்கும், அது வேறு கதை.

கரும்பு நடுவில் நிற்கிறது. ஆற்றோரம் வளரும் நாணல் அதன் நெருங்கிய உறவு. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் நாணலையும் சேர்த்துத்தான் கோ 205 ரகத்தை உருவாக்கி 1918ல் வெளியிட்டார்கள். அதாவது சேரும் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும். ஆனால் நாம் கரும்பைக் கரணையில் நடுகிறோம், பெரும்பாலும் பூ வருவதற்கு முன் வெட்டிவிடுகிறோம். அதனால் வாய்ப்பு குறைவு.

கத்தரியும் நெல்லும்தான் நம் ஊருக்கு உண்மையாகவே கவலை.

ஏன் கத்தரியைப் பற்றியே பேசுகிறீர்கள்?

கத்தரி பிறந்த பூமிகளில் நம் நாடும் ஒன்று. அதன் காட்டு மூதாதை இன்னும் நம் வேலியில் உயிரோடு நிற்கிறது. தாவரவியலில் சொலானம் இன்சானம் என்பார்கள். நாம் காட்டுக் கத்தரி என்போம். செடி முழுக்க முள், கத்தரிப்பூ மாதிரியே ஊதாப் பூ, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய காய், பச்சையில் கோடு கோடாக இருக்கும், பழுத்தால் மஞ்சள். ஏரிக்கரை, குப்பைமேடு, மாடு மேயும் தரிசு, எங்கும் பார்க்கலாம்.

நம் பக்கத்துக்கென்று பெருமையான கத்தரியும் இருக்கிறது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், எண்ணெய்க் கத்தரிக்கு அதை மிஞ்ச ஒன்று இல்லை. அந்த ரகம் பல தலைமுறையாக விவசாயிகள் கையாலேயே விதை எடுத்துக் காப்பாற்றியது. வயலில் முள்ளுக் கத்தரி, வரப்பில் காட்டுக் கத்தரி: இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கிற இடம் இது.

தென்னிந்தியாவில் இதை ஆராய்ந்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. காட்டுக் கத்தரியும் பயிர்க் கத்தரியும் பூக்கும் காலம் ஒத்துப்போகிறது, ஒரே வகை வண்டுகள் இரண்டுக்கும் வருகின்றன, பயிரின் மகரந்தத்தைக் காட்டுச் செடியில் வைத்தால் காய் பிடித்து முளைக்கும் விதை கிடைக்கிறது என்று அதில் காட்டினார்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சூழலியலாளர் அல்லிசன் ஸ்னோ. அவர் பெயர் கீழே இன்னொரு முறை வரும்.

சுண்டைக்காய், கண்டங்கத்தரி, தூதுவளையோடும் கலந்துவிடுமா? மருந்துக்குப் பறிக்கிறோமே.

பலமநேரி வாரச் சந்தையில் ஒரு பாட்டி என்னைக் கேட்ட கேள்வி இது. "தம்பி, உஸ்திகாய்க்கும் அந்த மாத்து வந்துருமா?" என்றார். உஸ்திகாய் என்பது சுண்டைக்கு அந்தப் பக்கம் சொல்கிற பெயர்.

இவை எல்லாம் கத்தரிக் குடும்பம்தான், ஆனால் தூரத்து உறவு. சுண்டைச் செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டலாம், வேர் வாடல் நோய் தாங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஒட்டுக் கட்டுவதில் மரபணு கலப்பதில்லை. மகரந்தம் மாறி விழுந்தாலும் சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரியில் இயல்பாக முளைக்கிற பிள்ளை உண்டாவது மிகவும் கடினம். பாட்டி நிம்மதியாகப் பறிக்கலாம்.

தேனீ எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

கத்தரிக்குத் தேனீ அவ்வளவு உபயோகம் இல்லை. கத்தரிப் பூவின் மகரந்தப்பை மூடிய குழல் மாதிரி, நுனியில் மட்டும் ஓட்டை. அதைப் பிடித்து உடம்பை ரீங்காரமிட்டு உலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். அப்படி உலுக்கத் தெரிந்தவை மரத்தைத் துளைத்துக் குடியிருக்கிற பெரிய கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்ன ஈக்களும். காலை வெயில் ஏறும்போது தோட்டத்தில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும். எனக்குப் பிடித்த சத்தம்.

கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பயிர். ஆனாலும் வண்டு வந்தால் அயல் மகரந்தம் கணிசமாகவே நடக்கும். அதனால்தான் விதைச் சான்றளிப்பில் ரகங்களுக்கு இடையே சான்று விதையைப் பெருக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 200 மீட்டர், விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு 100 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று துண்டு துண்டாக இருக்கிற நம் ஊரில் 200 மீட்டர் என்பது நாலு பேர் நிலத்தைத் தாண்டுகிற தூரம். அப்புறம் அந்த இடைவெளி கணக்கில் வேலியில் முளைத்த காட்டுக் கத்தரியை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

விதை இன்னும் தூரம் போகும். காட்டுக் கத்தரிப் பழத்தை ஆடு மாடு தின்று வேறு ஊரில் சாணியாகப் போடுகிறது. மோர்தானா அணைக்கு மேலே மேயும் மந்தை மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

புழு தின்னாத காட்டுச் செடி வந்தால் நல்லதுதானே? என்ன கெட்டுவிடும்?

மூன்று விதமாகக் கெடலாம்.

பி.டி. கத்தரியில் வைத்தது மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. க்ரை 1ஏசி என்று பெயர். அது செய்கிற புரதத்தைத் தின்றால் தண்டு, காய் துளைக்கும் புழு செத்துப்போகும். அதே மரபணு காட்டுக் கத்தரிக்குப் போனால், இதுவரை புழு தின்று அடங்கியிருந்த செடி கூடுதலாக விதை போடும். கூடுதல் விதை என்றால் கூடுதல் செடி. களையாகப் பெருகலாம்.

இரண்டாவது, அந்தச் செடியை நம்பி வாழும் பூச்சிகள், அவற்றைத் தின்னும் குளவிகள் என்று ஒரு வரிசை இருக்கிறது, அது குலையலாம். அதோடு வருஷம் முழுக்க வேலியில் அந்த நஞ்சு கிடைத்தால் புழு சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். பழகிய புழு திரும்ப வயலுக்குத்தான் வரும்.

மூன்றாவதைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பூச்சி மருந்து தப்பாகப் போனால் ஒரு மழையில் கழுவிப் போகலாம், தடை செய்யலாம், நாளடைவில் குறையும். வேலிக்குள் போன மரபணு தானே விதை போட்டுப் பெருகும். அதைத் திரும்ப அழைக்க வழி கிடையாது.

இதை நிச்சயம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. காட்டுக் கத்தரியின் பெருக்கத்தை உண்மையில் கட்டுப்படுத்துவது புழுவா, வறட்சியா, ஆடு மேய்வதா என்பதைப் பொறுத்தது. கட்டுப்படுத்துவது புழு இல்லை என்றால், மரபணு போனாலும் பெரிய மாற்றம் வராது. அதைப் பல இடங்களில், பல வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். பார்க்காமல் விடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

உலகத்தில் எங்காவது நிஜமாக நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கோல்ஃப் மைதானத்துக்காகக் களைக்கொல்லி தாங்கும் புல் ஒன்றைச் சோதனைக்கு விதைத்தார்கள். அதன் மகரந்தம் 21 கிலோமீட்டர் தள்ளி இருந்த புல்லில் விதை உண்டாக்கியிருப்பதாக 2004ல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு வயலுக்கு வெளியே காட்டுப் புல்லிலும் அந்த மரபணு கிடைத்தது. வாய்க்கால் ஓரங்களில் இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. அந்தப் புல் வணிக ரீதியாகப் பெரிதாக விற்பனைக்கே வரவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

கனடாவின் கியூபெக்கில் களைக்கொல்லி தாங்கும் கனோலா என்கிற எண்ணெய்க் கடுகு வகையின் மரபணு அதன் களைச் சொந்தத்துக்குப் போனது. களைக்கொல்லி தெளிக்காத நிலத்திலும் ஆறு வருஷம் அது அங்கே தங்கியிருந்தது என்று 2008ல் எழுதினார்கள். "மருந்து அடிக்காவிட்டால் தானாக மறைந்துவிடும்" என்று சொல்வதை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இது சாட்சி.

சூரியகாந்தி கதை கத்தரிக்கு இன்னும் நெருக்கம். அல்லிசன் ஸ்னோவும் கூட்டாளிகளும் பி.டி. மரபணுவைக் காட்டுச் சூரியகாந்திக்குக் கலப்பு மூலம் கொண்டுபோய், கட்டுப்பாட்டுக்குள் நட்டுப் பார்த்தார்கள். நெப்ராஸ்காவில் மரபணு உள்ள செடிகள் இல்லாதவற்றை விட 55 சதவீதம் அதிக விதை போட்டன. கொலராடோவில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. 2003ல் வந்த இந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது செய்திதான். ஒரே செடி, ஒரே மரபணு, இடம் மாறினால் விளைவு மாறுகிறது. வேறு மாநிலத்தில் நடந்த சோதனையை வைத்துப் பலமநேரி வேலிக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

பி.டி. பருத்தி 2002லிருந்து போடுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே?

பருத்தியில் காட்டுக் கலப்பு ஆகாததற்குக் காரணம் நம் அதிர்ஷ்டம். பி.டி. பருத்தி அமெரிக்க இனம், அதற்கு 52 குரோமோசோம். நம் நாட்டுப் பருத்திக்கு 26. இரண்டும் சேர்ந்தாலும் பிள்ளை மலடு. அதனால் கசிவு அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தப் பருத்தியின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே காட்டுப் பருத்தியில் மாற்று மரபணுக்கள் இருப்பதை 2011ல் கண்டார்கள். பத்து வருஷம் கழித்து, அந்தச் செடிகளின் இலைத் தேன் சுரப்பே மாறி, காவலுக்கு வரும் எறும்புகளும் மாறிவிட்டன என்று இன்னொரு ஆய்வு வந்தது. நமக்குக் கத்தரி எப்படியோ, மெக்சிகோவுக்குப் பருத்தி அப்படி. பருத்தி அனுபவத்தைக் கத்தரிக்கு உதாரணம் காட்ட வேண்டுமானால் மெக்சிகோ அனுபவத்தைக் காட்டுவதுதான் முறை.

சாதாரண ஹைபிரிட் கத்தரியும் வேலிச் செடியோடு கலக்குமே, அதை ஏன் கேட்பதில்லை?

நியாயமான கேள்வி. கலக்கும். ஹைபிரிட் விதை பரவியதால் நாட்டு ரகங்கள் அழிந்தது கண்கூடு, அதில் மரபணு மாற்றத்துக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனால் ஹைபிரிட்டிலிருந்து வேலிக்குப் போவது பெரிய காய், முள் குறைவு, உதிராத பழம் மாதிரி குணங்கள். காட்டில் இவை செடிக்குப் பாரம், தானாகக் கழிந்துபோகும். புழுவைக் கொல்லும் குணமும் களைக்கொல்லியைத் தாங்கும் குணமும் அப்படியல்ல, காட்டிலும் வரப்பிலும் செடியைப் பிழைக்க வைப்பவை.

நெல்லில் என்ன கவலை?

ஏரி உள்வாயிலும் வாய்க்காலிலும் காட்டு நெல் வளர்கிறது. வயலுக்குள்ளேயே களை நெல் வருகிறது. பாலக்காட்டுச் சொந்தக்காரர்கள் அதை வரி நெல் என்பார்கள். முற்றும் முன்பே உதிர்ந்து மண்ணில் கிடக்கும், அடுத்த போகத்தில் நாம் விதைத்ததற்கு முன் முளைக்கும். இளசில் நெல்லிலிருந்து பிரித்துக் களையெடுக்க முடியாது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 2002 முதல் ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் நெல் பயிரானது. அது மரபணு மாற்றம் இல்லை, சடுதி மாற்றத்தில், அதாவது நெல்லின் சொந்த மரபணுவிலேயே ஏற்பட்ட திடீர் மாற்றத்தில் வந்தது. சில வருஷங்களிலேயே களை நெல்லும் அதோடு கலந்து அந்த மருந்தைத் தாங்க ஆரம்பித்தது. எந்த முறையில் உண்டாக்கினார்கள் என்பதைக் களை நெல் கேட்பதில்லை. களைக்கொல்லி தாங்கும் பாஸ்மதி ரகங்கள் 2021ல் நம் நாட்டிலும் வந்துவிட்டன, அவையும் மரபணு மாற்றம் அல்ல. ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்குப் போகிற விவசாயிக்கு அது பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை. வரி நெல் உள்ள வயலில் மட்டும் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மரபணு திருத்திய நெல் வந்திருக்கிறதாமே, அதுவும் இதே கதையா?

2025 மே மாதம் இரண்டு ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. கமலா என்கிற 'டி.ஆர்.ஆர். தான் 100' ரகம், நாம் சோறு தின்கிற பி.பி.டி. நெல்லிலிருந்து வந்தது. பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, ஆந்திராவில் பரவலாகப் போடும் எம்.டி.யு. 1010லிருந்து. இரண்டிலும் வெளி உயிரின் மரபணு கிடையாது, நெல்லின் சொந்த மரபணுவில் சின்னத் திருத்தம். இந்த வகைத் திருத்தங்களுக்குப் பழைய அனுமதி முறையிலிருந்து 2022 மார்ச்சில் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

அச்சம் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் பூசா ரகத்தில் இருக்கிற, வறட்சியும் உப்பும் தாங்கும் குணம் களை நெல்லுக்கும் லாபம்தான். அதைக் கவனித்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

இப்போது நம் பக்கம் பி.டி. கத்தரி இருக்கிறதா?

அனுமதி இல்லை. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஹைதராபாத், பெங்களூரு உட்பட ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். அந்த நிறுத்தம் தொடர்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய கத்தரி ரகங்களில் இந்த மரபணுவை ஏற்றி வைத்திருந்தது. வங்கதேசம் 2013ல் அனுமதித்து, 2014 முதல் பயிரிடுகிறது.

அனுமதி இல்லை என்பதால் எங்கும் இல்லை என்று அர்த்தமில்லை. 2019ல் ஹரியானாவின் ஃபதேஹாபாதில் ஒரு வயலில் பி.டி. கத்தரி பிடிபட்டது. களைக்கொல்லி தாங்கும் பருத்தி அனுமதியே இல்லாமல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பரவியது. பில் இல்லாத, பெயர் ஒட்டாத பொட்டலத்தில் "புழுவே வராது" என்று யாராவது கத்தரி விதை கொடுத்தால் வாங்காதீர்கள்.

அப்படியானால் நீங்கள் மரபணு மாற்றத்துக்கே எதிரியா?

இல்லை. கத்தரி போட்டவனுக்குத் தெரியும், காய்ப்புழுவுக்கு எத்தனை முறை மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது என்று. என் அப்பா டேங்கைத் தோளில் மாட்டி அடித்துவிட்டு வந்து ராத்திரி முழுக்க வாந்தி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்தைக் குறைக்கிற எதையும் லேசாக ஒதுக்க எனக்கு மனசு வராது. தக்காளியில் நாளை நல்லதொரு மாற்றம் வந்தால், காட்டுக் கலப்பைக் காரணம் காட்டி நான் எதிர்க்க மாட்டேன். கத்தரியின் தாய்வீட்டில், வேலியை ஆராயாமல், கத்தரியை விடாதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

பிரச்சினையே வேண்டாம், காட்டுக் கத்தரியை எல்லாம் பிடுங்கிப் போட்டால் என்ன?

தயவுசெய்து செய்யாதீர்கள். 1970களில் நெல்லைக் குட்டையாக்கிப் புல்போல் ஆக்கிய ஒரு வைரஸ் நோய் ஆசியா முழுக்கப் பரவியது. ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைத் தேடியதில், உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில்தான் எதிர்ப்பு கிடைத்தது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வைத்துத்தான் ஐ.ஆர். 36 மாதிரி நோய் தாங்கும் ரகங்களை உருவாக்கியது. நாளைக்குக் கத்தரிக்கு ஒரு நோய் வந்தால் தேடிப் போகிற இடம் அந்த முள்வேலிதான்.

விதைக்கு விடுகிற கத்தரியைக் கலக்காமல் காப்பது எப்படி?

பாத்தியின் நடுவில் உள்ள நல்ல செடிகளைத் தேர்ந்தெடுங்கள், ஓரச் செடி வேண்டாம். நாளை விரியப்போகிற மொட்டைச் சாயங்காலமே பார்த்து, மெல்லிய துணிப்பையால் மூடி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். பூ விரிந்த காலையில் பையோடு காம்பை லேசாகத் தட்டினால் தன் மகரந்தம் கொட்டும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் கலர் நூல் கட்டுங்கள், இல்லாவிட்டால் குழம்புக்குப் போய்விடும். காய் நன்றாக மஞ்சளாகிப் பழுத்த பிறகு பறித்து விதை எடுங்கள். ஒரே செடியில் எடுக்காமல் பத்து இருபது செடியில் எடுத்துக் கலந்து வைப்பது ரகத்துக்கு நல்லது.

வேலியில் வித்தியாசமான செடி கண்ணில் பட்டால்?

முள் குறைந்து, காய் கோலிக்குண்டுக்கும் முள்ளுக் கத்தரிக்கும் நடுவில் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணக் கலப்புச் செடி, பயப்பட வேண்டாம். மரபணு மாற்றம் இருக்கிறதா என்பது ஆய்வகச் சோதனையில்தான் தெரியும். செடியைப் பிடுங்காமல் போட்டோ எடுத்து, இடம், தேதி, பக்கத்து வயலில் என்ன ரகம், விதை எங்கே வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த விதை மாற்றும் நாளில் அந்தத் தாளையும் இரண்டு பழத்தையும் கொண்டுவாருங்கள். நாங்கள் ஒரு நோட்டில் ஊர் ஊராகக் குறித்து வருகிறோம். சித்தூர்ப் பக்கத்துப் பக்கங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன.